திருகோணமலைப் பைப் தண்ணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அதனாலோ என்னவோ, தண்ணியில் வாசம் வந்தாலும் நிறம் மாறினாலும் பெற்றோர் முதலில் எனக்குத்தான் போட்டோ அனுப்புவார்கள். அப்படி வந்தவற்றில் அடிக்கடி வருகிற கேள்விகளை எடுத்துப் பதில்களோடு கீழே தந்திருக்கிறேன். நகரம், உவர்மலை, பாலையூற்று, உப்புவெளிப் பக்கம் பைப் லைன் எடுத்தவர்களை நினைத்து எழுதியது. கிணற்றை நம்பியிருப்பவர்களுக்கு வேண்டியது பின்பாதியில் இருக்கிறது.

சேர், எங்கட பைப் தண்ணி எங்கேயிருந்து வருது?

கந்தளாய்க் குளத்திலிருந்து. கொழும்பு வீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. குளக்கோட்டன் கட்டினான் என்பது கோணேசர் கோயில் மரபு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பாரும் உண்டு. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் இதன் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை ஊரில் வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள்.

தண்ணீரின் தரத்துக்கு முக்கியமான விடயம் வேறு. இந்தக் குளத்தில் நிற்பது நம் மாவட்டத்து மழை மட்டும் இல்லை. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், அம்பன் கங்கை, எலஹெர, மின்னேரிய, கவுடுல்ல என்று குளம் குளமாக இறங்கி இங்கே வந்து சேர்கிறது. வழி நெடுக வயல். ஆகவே மேலே வயலில் போடும் உரமும் மருந்தும் மாட்டுச் சாணமும் ஓரளவு கூடவே வருகின்றன. குளம் பெரிதாக இருப்பதால் அவை ஐதாகின்றன, வெயிலிலும் மண்ணிலும் கொஞ்சம் சிதைகின்றன. மிச்சத்தைச் சுத்திகரிப்பு நிலையம்தான் பார்க்க வேண்டும்.

அங்கே என்ன செய்து சுத்தமாக்குகிறார்கள்?

குளத்து நீருக்கு நாடெங்கும் செய்கிற முறைதான். முதலில் காற்றோட்டம்: தண்ணியைப் படிகளில் விழவிட்டுக் காற்றோடு கலக்கச் செய்வார்கள். கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறும், கெட்ட வாயுக்கள் வெளியேறும். அடுத்தது படிகாரம். கலங்கல் நீரில் மிதக்கும் களித்துணிக்கைகள் எல்லாம் மறை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் நாள்கணக்கில் வைத்தாலும் அடியில் படியாது. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த ஏற்றத்தை நடுநிலையாக்கிவிடும். துணிக்கைகள் ஒட்டித் திரண்டு, பாரமாகி, தொட்டியின் அடிக்குப் போகும். கிருமிகளிலும் பெரும்பகுதி அந்தத் திரளோடு சேர்ந்தே போய்விடும். பிறகு மணல் வடி. கடைசியாகக் குளோரின்.

இந்த வரிசையில் கரைந்த பொருட்களுக்குப் பெரிய தடை எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு, சில பூச்சிகொல்லிகள் படிகாரத்துக்கும் மணலுக்கும் பிடிபடாது. குளத்து நீரில் முதல் மூன்றும் இயல்பாகவே குறைவு என்பதால் சமாளிக்கிறோம். கலங்கலும் கிருமியும்தான் இந்த முறையின் இலக்கு. அதை இது நன்றாகவே செய்யும்.

அப்போ நேரே பைப்பில் பிடித்துக் குடிக்கலாமா?

எந்தப் பைப் என்று முதலில் பாருங்கள். மீற்றருக்குப் பக்கத்தில், வீதி லைனிலிருந்து நேரே வருகிற பைப்பா? குசினியில், மேலே இருக்கும் டாங்கியிலிருந்து இறங்குகிற பைப்பா? இரண்டும் வெவ்வேறு தண்ணீர் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வீதி லைனில் வருவதில் வழமையாகக் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்கும். நுகர்வோரின் குழாயில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614, மேல் எல்லையை 1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. அந்த மிச்சம் இருக்கும்வரை வழியில் புகுந்த கிருமியைச் சமாளிக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். டாங்கியில் ஏறி, வெயிலில் காய்ந்து, ஒன்றிரண்டு நாள் நின்ற தண்ணியில் அந்தக் காவல் பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகு டாங்கிக்குள் என்ன விழுகிறதோ அது அப்படியே கோப்பைக்கு வரும்.

ஆகவே என் பதில்: குடிக்கிறதைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். கந்தளாயில் ஒன்றும் செய்வதில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் வீட்டு மேல்மாடியை எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எத்தனை நிமிஷம் கொதிக்க வைக்கணும்? அம்மா 20 நிமிஷம் என்கிறா.

அம்மாவுக்குக் காஸ் விலையை ஞாபகப்படுத்துங்கள். தண்ணி தளதளவென்று கொதித்தாலே போதும். அடுப்பை நிறுத்தி, மூடி, தானாக ஆறவிடுங்கள். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி தருகிற கிருமிகள் எல்லாம் கொதிநிலை வருமுன்பே சாகத் தொடங்கிவிடும். மின்சாரக் கேத்தல் கொதித்துத் தானாக நிற்பதும் போதுமானதே.

கொதித்த பிறகு நடப்பதில்தான் பிழை. ஆறிய தண்ணியை முந்தாநாள் போத்தலில், கழுவாமல் ஊற்றுவது. பானைக்குள் கையோடு கோப்பையை விட்டு அள்ளுவது. கொதித்தாறிய நீரில் குளோரின் அறவே இல்லை. ஒரு விரல் பட்டாலே கிருமி குடியேறிவிடும். வாய் ஒடுங்கிய பாத்திரம், அல்லது குழாய் வைத்த மண்பானை நல்லது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கொதிக்கவைப்பது கிருமிக்கு மட்டும். உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு, ஈயம் எதுவும் கொதித்தால் போகாது. நீர் ஆவியாகிப் போவதால் அவற்றின் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

குளோரின் வாசம் வருதே, அது கான்சர் தருமாமே?

வட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுகிற பயம் இது. பாதி உண்மை இருப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

குளோரின், நீரிலுள்ள சேதனப் பொருட்களோடு, அதாவது அழுகிய இலை, பாசி போன்றவற்றிலிருந்து கரைந்து வருகிறவற்றோடு தாக்கமடைந்து ட்ரைஹலோமீதேன்கள் என்ற சேர்வைகளைச் சிறிதளவு உண்டாக்கும். குளோரோபோர்ம் அவற்றில் ஒன்று. மிக அதிக அளவில் பல்லாண்டுகள் உட்கொண்டால் தீங்கு என்று விலங்கு ஆய்வுகள் காட்டியதால்தான் அதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள்: உலக சுகாதார நிறுவனம் குளோரோபோர்முக்குச் சொல்வது லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். அதே நிறுவனம் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறது: இந்தப் பக்கவிளைவைக் குறைக்கப்போய்க் கிருமிநீக்கத்தைக் குறைத்துவிடாதீர்கள் என்று. ஒரு பக்கம் முப்பது வருடத்தில் வரலாமோ என்ற சிறு அபாயம். மறுபக்கம் அடுத்த கிழமையே வரக்கூடிய வயிற்றோட்டம். என்னைக் கேட்டால், குளோரின் வாசம் வருகிற நாளில் எனக்கு நிம்மதி. வாசமே இல்லாமல் வருகிற நாளில்தான் டாங்கியைப் பார்க்க ஏணியில் ஏறுவேன்.

வாசம் பிடிக்காவிட்டால் வாய் அகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வையுங்கள், மேலே வலைத்துணி போட்டு. கொதிக்கவைத்தாலும் போய்விடும். மூடியைத் திறந்து கொதிக்கவைத்தால் குளோரோபோர்மும் கணிசமாக ஆவியாகிவிடும்.

ஆவணி, புரட்டாதியில் தண்ணி சேற்று வாசம் அடிக்குதே?

கச்சான் காற்று அடிக்கிற காலம். குளம் வற்றி, வெயில் ஏறி, மேலிருந்து வந்த உரத்திலுள்ள பொசுபரசும் சேர்ந்தால் பாசிக்கு நல்ல சாப்பாடு. நீலப்பச்சைப் பாசிகள் சிலவும் சில பற்றீரியாக்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை வெளியிடும். முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து வருகிற வாசமும் அதேதான். மனித மூக்குக்கு இது பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பிடிபடும். அது உடம்புக்குக் கேடு இல்லை. மணல் வடிக்கும் குளோரினுக்கும் அவ்வளவாக மசியாது. செயற்படுத்திய கரி வைத்த பில்டர் அதை நன்றாக எடுக்கும்.

கவலைப்பட வேண்டியது அந்தப் பாசிகளில் சில உண்டாக்கும் நஞ்சு. மைக்ரோசிஸ்டின் என்பது ஈரலைத் தாக்குவது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் நீரில் லீற்றருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதைக் கொதிக்கவைத்து அழிக்க முடியாது. பாசி முழுசாக இருக்கும்போதே படிகாரத்தோடு திரட்டி எடுத்துவிட்டால் நஞ்சும் கூடவே போகும்; உடைந்து நீரில் கரைந்த பிறகு கரிதான் வழி. சுத்திகரிப்பு நிலையத்தில் கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டிய இடம் இது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது சிறிது: பச்சை நிறமாகப் படலம் கட்டி நிற்கும் குளத்து நீரை, சுத்திகரிக்காமல், ஆடுமாட்டுக்குக்கூட வைக்காதீர்கள்.

பைப் திறந்தால் செம்மண் நிறத்தில் வருது. சில நாள் பால் மாதிரியும் வருது.

பால் நிறம் என்றால் ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்து மேசையில் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் முழுக்கத் தெளிந்தால் அது வெறும் காற்று. லைன் வெட்டித் திரும்ப விடும்போது குழாயில் அடைபட்ட காற்று அழுத்தத்தில் கரைந்து வருகிறது. குடிக்கலாம்.

செம்மண் நிறம் வந்தால் பெரும்பாலும் இரும்பும் குழாயில் படிந்திருந்த வண்டலும். திருத்த வேலைக்குப் பிறகு ஓட்டம் திடீரென வேகமாகும்போது கிளம்பும். கறுப்புத் துணிக்கை என்றால் மங்கனீசு. மீற்றருக்குப் பக்கத்துப் பைப்பைத் திறந்து தெளியும்வரை ஓடவிடுங்கள். அதுவரை டாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டிவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறப்பது. வெள்ளைச் சட்டைகளை அன்று ஊறப் போட வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது நிறத்தோடு கான் நாற்றமும் சேர்ந்து வந்தால், நீர்வழங்கல் சபையின் 1939 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாற்றம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

அழுத்தம் காணாது. லைனில் நேரே மோட்டர் பூட்டினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். சபை இதை அனுமதிப்பதும் இல்லை.

நிலத்துக்குக் கீழே ஓடும் எந்தக் குழாயிலும் சிறு கசிவு இருக்கும். உள்ளே அழுத்தம் கூட இருக்கும்வரை நல்ல தண்ணி வெளியே கசியும்; நட்டம்தான், ஆபத்து இல்லை. நீங்கள் மோட்டர் போட்டு உறிஞ்சும்போது அந்த இடத்தில் அழுத்தம் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அதே கசிவு வழியாக இப்போது வெளியில் நிற்பது உள்ளே வரும். நம் ஒழுங்கைகளில் குழாய்க்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது? கான் தண்ணி, மலசலகூடக் குழிக் கசிவு. மார்கழி மழையில் இரண்டும் ஒன்றாகி நிற்கும். உங்கள் மோட்டர் இழுத்த அழுக்கை உங்கள் வீடு மட்டும் குடிப்பதில்லை, அந்த ஒழுங்கையே குடிக்கும். லைன் நின்று திரும்ப வரும்போதும் இதே சங்கதி நடக்கலாம். அதனால் தண்ணி வெட்டுக்குப் பிறகு முதலில் வருவதைக் கொஞ்சநேரம் வெளியே விட்டுவிடுங்கள்.

அழுத்தம் குறைந்த வீடுகளுக்குச் சரியான வழி: கீழே ஒரு தொட்டி, அதில் தானாக நிரம்பவிட்டு அங்கிருந்து மேலே மோட்டர்.

டாங்கியை எத்தனை மாசத்துக்கு ஒருக்கா கழுவ வேணும்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மழைக்கு முன் ஒன்று, சித்திரைக்குள் ஒன்று என்று வைத்தால் மறக்காது.

முதலில் மேலே ஏறி மூடியைப் பாருங்கள். கச்சானில் பறந்து, பக்கத்து வளவில் கிடந்து, யாரோ எடுத்துவந்து அரைகுறையாகக் கவிழ்த்து வைத்த மூடிகள் இந்த ஊரில் ஏராளம். பிறகு உள்சுவரில் நீர்மட்டத்துக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அது கிருமிப் படலம். குளோரினிடமிருந்து தப்ப அவை தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடு. வழிவுக் குழாயின் வாயில் வலை இல்லாவிட்டால் பல்லி, கரப்பான், சில நேரம் அணில் குஞ்சு. இதற்கு மேல் விவரிக்கவில்லை.

முழுக்க வடித்து, சவர்க்காரம் போடாமல் பிரஷால் தேய்த்து, வண்டலை வெளியேற்றுங்கள். பிறகு நிரப்பி, 1,000 லீற்றருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத வெளிறாக்கும் திரவம் ஒரு லீற்றர் ஊற்றுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். வீட்டுப் பைப்புகளை எல்லாம் குளோரின் வாசம் வரும்வரை திறந்து பூட்டி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு நல்ல தண்ணியால் ஒருதரம் அலசுங்கள். அந்த இரவு யாரும் அந்தத் தண்ணியைத் தொடக் கூடாது. குடிநீரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிக்குள் ஆள் இறங்குவதாக இருந்தால் வெளியே இன்னொருவர் நிற்காமல் இறங்க வேண்டாம். உள்ளே வெளிறாக்கியும் அமிலமும் சேர்த்துப் பாவிக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

தண்ணி வெட்டுக்குப் பயந்து பேசின், வாளி எல்லாம் நிரப்பி வைக்கிறோம்.

மூடி வையுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு போட்ட ஆட்டம் மறக்கக் கூடியதா? டெங்கு நுளம்புக்குச் சாக்கடை பிடிக்காது. நீங்கள் பத்திரமாகப் பிடித்து வைத்த தெளிந்த தண்ணியே பிடிக்கும். கிழமைக்கு ஒருதரம் வாளியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெறுமனே ஊற்றிவிட்டு நிரப்பினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

பில்டர் விற்க வந்த தம்பி ஒரு மீற்றரை விட்டுப் பார்த்து “180 காட்டுது, இது விஷம்” என்றார்.

அந்தத் தம்பியின் மீற்றர் காட்டுவது நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவை. அதுவும் நேரடியாக அல்ல. மின்கடத்துதிறனை அளந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. இலங்கைத் தரத்தில் இதற்கான எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். 180 என்பது நல்ல எண். கல்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

அந்தக் கருவிக்குக் கிருமி தெரியாது. ஈயம் ஆபத்தான அளவில் இருந்தாலும் எண் அசையாது, ஏனென்றால் ஈயத்தின் எல்லை 0.01 மில்லிகிராம். பூச்சிகொல்லி மின்னைக் கடத்தாது. கானிலிருந்து அள்ளிய மழைத்தண்ணி 60 காட்டும், இளநீர் ஆயிரக்கணக்கில் காட்டும். எதைக் குடிப்பீர்கள் என்று அடுத்த முறை அவரிடமே கேளுங்கள். சில பேர் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சித் தண்ணியைப் பச்சையும் கறுப்புமாக ஆக்கிக் காட்டுவார்கள். அந்த நிறம் கம்பியின் இரும்பு கரைந்து வருவது. ஏ.எல். மின்பகுப்புப் பாடத்தில் படிப்பிப்பதை வீட்டு விறாந்தையில் வைத்து வியாபாரமாக்குகிறார்கள்.

அப்போ ஆர்.ஓ. மெஷினே தேவையில்லையா?

ஆர்.ஓ. என்பது தண்ணியை அழுத்தி மிக நுண்ணிய சவ்வு வழியாக விட்டு, கரைந்த உப்புகளைப் பிரிக்கிற முறை. கந்தளாய்த் தண்ணி எடுக்கிற வீட்டுக்குத் தேவை இல்லை என்பேன். நல்ல வடியும் கொதிநீரும் போதும். வாசம் தொந்தரவென்றால் கரி பில்டர். ஆனால் கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிப் பண்ணை ஆகிவிடும், கரி முதலில் பிடித்துத் தின்பது குளோரினைத்தானே.

உவர்க் கிணறு, புளோரைட்டு கூடிய கிணறு என்றால் கதை வேறு. அங்கே ஆர்.ஓ. உண்மையாகவே பயன்படும். வீட்டு மெஷின்கள் உள்ளே போகும் தண்ணியில் பாதிக்கும் மேலேகூடக் கழிவாக வெளியே விடும். அதை வீணாக்காமல் முற்றம் கழுவப் பாவிக்கலாம். ஊரில் ஆர்.ஓ. தண்ணி கேனில் வாங்குபவர்கள், கேனைப் பாருங்கள். மெஷினிலிருந்து சுத்தமாக வந்த தண்ணி, உள்ளே பச்சை படிந்த கேனில் விழுந்தால் பிரயோசனம் இல்லை.

கிட்னி நோய் தண்ணியாலதானே வருது? பயமா இருக்கு.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, நீரிழிவோ அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் வருகிற நாட்பட்ட சிறுநீரக நோயைத்தான் கேட்கிறீர்கள். பதவிய, மெதவச்சிய பக்கம் பெயர்போனது. நம் மாவட்டத்திலும் பதவி ஸ்ரீபுர போன்ற உட்பகுதிகளில் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வயலில் வேலை செய்து, ஆழம் குறைந்த கிணற்று நீரைப் பல வருடம் குடித்தவர்கள். கடினத்தன்மையும் புளோரைட்டும் சேர்ந்த நிலத்தடி நீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்து உடல் வரள்வது என்று பல காரணிகள் மீது சந்தேகம் இருக்கிறது. ஒன்றைக் குற்றவாளி என்று இன்னும் கூண்டில் ஏற்றவில்லை.

அந்தக் கிராமங்களுக்கு அரசு கொடுத்த பரிகாரத்தைப் பாருங்கள்: ஒன்று ஆர்.ஓ., மற்றது சுத்திகரித்த குளத்து நீரைக் குழாயில் கொண்டுபோவது. நகரத்தில் நாம் ஏற்கெனவே குடிப்பது இரண்டாவதைத்தான். டவுனில் இருப்பவருக்குக் கிட்னி பழுதாவது அநேகமாகச் சீனி வருத்தத்தாலும் பிரஷராலும். பில்டருக்குச் செலவழிக்கும் காசில் பாதியில் வருடத்துக்கு ஒருதரம் இரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடலாம்.

எங்களுக்குக் கிணறுதான். கடற்கரைப் பக்கம். என்ன பார்க்க வேண்டும்?

மூன்று விடயம்.

முதலாவது உப்பு. நிலாவெளி, சாம்பல்தீவு, திருக்கடலூர்ப் பக்கம் மணலுக்குக் கீழே நல்ல தண்ணி, உவர் நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. கோடையில் பெரிய மோட்டர் போட்டு வேகமாக இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறும். ஏறியது இறங்க ஒரு நல்ல மாரி வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தமாக்குகிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்ததே கிழக்குக் கரையில் சில இடங்களில் நிலைமையை மோசமாக்கியது. சிறிய மோட்டரில் மெல்ல, விட்டுவிட்டு இறையுங்கள்.

இரண்டாவது மலசலகூடம். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் மணலில் நீர் மளமளவென்று ஓடும், களிமண் வடிப்பதுபோல் மணல் வடிக்காது. அதனால் முடிந்தவரை கூடத் தள்ளி, நிலத்தடி நீர் ஓடுகிற திசையில் கிணறுக்குக் கீழ்ப்பக்கமாகக் குழி இருக்க வேண்டும். உங்கள் வளவில் தள்ளி வைத்தால் மட்டும் போதாது, மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்றும் பாருங்கள். இரண்டு பரப்புக் காணியை நாலாக உடைத்து வீடு கட்டிய இடங்களில் இது பெரிய சிக்கல்.

மூன்றாவது நைத்திரேற்று. குழியிலிருந்தும் தோட்ட உரத்திலிருந்தும் வருவது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, கொதித்தாலும் போகாது. எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பெரியவர்களுக்கு அவசர ஆபத்து இல்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாயலாம். பச்சைப்பிள்ளைக்குத் தாய்ப்பால்தான், மாப்பால் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பைப் தண்ணியைக் கொதிக்கவைத்துக் கரையுங்கள், கிணறு வேண்டாம்.

வெள்ளம் கிணற்றுக்குள் வந்துவிட்டது.

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு எனக்கு அதிகம் வந்த கேள்வி. வெள்ளம் வடிந்து, சுற்றியுள்ள நிலம் காய்ந்த பிறகே இறையுங்கள். நிலம் ஊறியிருக்கும்போது முழுக்க இறைத்தால் கட்டு இடிந்து விழலாம். அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கூப்பிட்டுக் குளோரின் தூள் போடுங்கள். அளவு கண்மதிப்பில் போடுவதல்ல. 5 அடி விட்டக் கிணற்றில் 10 அடி தண்ணி நின்றால் சுமார் 5,500 லீற்றர். அதே ஆழத்தில் 10 அடி விட்டம் என்றால் அது 22,000 லீற்றர். விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணி நாலு மடங்கு. பி.எச்.ஐ. வருமுன் உங்கள் கிணற்றின் விட்டத்தையும் தண்ணியின் ஆழத்தையும் அளந்து வையுங்கள், அவருக்கும் வேலை சுலபம்.

சீனக்குடா எண்ணெய்க் குதங்களால் தண்ணி பழுதாகுமா?

பிரித்தானியர் காலத்துக் குதங்கள் இருப்பது சீனக்குடாவில். நாம் குடிப்பது கந்தளாய்க் குளத்து நீர். ஆகவே பைப் தண்ணிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நிலத்தடி நீருக்கு எண்ணெய் ஆகாது என்பதைச் சுன்னாகத்தில் பார்த்துவிட்டோம்: அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எண்ணெய் நிலையம், கராஜ், வாகனம் கழுவும் இடம் இவற்றுக்கு அருகில் கிணறு உள்ளவர்கள், வாளியில் அள்ளி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வானவில் நிறப் படலம் தெரிந்து, குச்சியால் கலைத்தால் ஓடித் திரும்பச் சேர்ந்துகொண்டால் எண்ணெய். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் படலம், பயம் இல்லை.

ஈயக் குழாய்?

நம் வீடுகளில் பெரும்பாலும் பி.வி.சி. பழைய பித்தளைப் பைப்புகளில் கொஞ்சம் ஈயம் இருக்கலாம்; காலையில் முதலில் வருவதைச் செடிக்கு விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். அவ்வளவுதான்.

கன்னியா வெந்நீரைப் போத்தலில் கொண்டுவந்து குடிப்பது நல்லதாமே?

குளிக்க அருமை. ஊர் முழுக்க வந்து தலையில் ஊற்றிவிட்டுப் போகிற ஏழு கிணறுகள் அவை. குடிக்க வேண்டாம்.

போத்தல் தண்ணி வாங்கினால் தொல்லை இல்லைதானே?

எஸ்.எல்.எஸ். 894 முத்திரை, சுகாதார அமைச்சின் பதிவு இலக்கம், காலாவதித் திகதி மூன்றையும் பாருங்கள். கடைக்கு வெளியே வெயிலில் அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள்.

எங்கள் தண்ணியைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடங்கள் கட்டணத்துக்குப் பொதுமக்களின் மாதிரியையும் சோதிக்கும். வயிற்றோட்டம் பரவுவதாகத் தெரிந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள், பி.எச்.ஐ. வந்து மாதிரி எடுப்பார்.

இரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தல் போதும்; அதே தண்ணியால் இரண்டுமூன்று தரம் அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு அப்படி அல்ல. ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும். அதற்குள் கிடக்கும் சிறு தூளைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், அது குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று பொய்யான நல்ல முடிவு வரும். மூடியின் உட்பக்கம் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமி, ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே தரம். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சே அதில் இல்லை.

சபை எடுக்கும் சோதனை முடிவுகளை நாங்கள் பார்க்கலாமா?

கேட்டால் தர வேண்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரசை எவரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பெறுநர் என்ற இடத்தில் சபையின் தகவல் அலுவலர் என்று போடுங்கள்.

“தண்ணி நல்லதா?” என்று கேட்டால் “நல்லது” என்று ஒரு வரிக் கடிதம் வரும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: கடந்த 12 மாதங்களில் எங்கள் பகுதியில் எந்தெந்த இடங்களில், எந்தத் திகதிகளில் மாதிரி எடுக்கப்பட்டது, ஒவ்வொன்றிலும் எஞ்சிய குளோரின், கலங்கல், கொலிபோர்ம், ஈ.கோலை எவ்வளவு, அவற்றுள் எத்தனை எஸ்.எல்.எஸ். 614ஐத் தாண்டின, தாண்டியபோது என்ன செய்யப்பட்டது. கந்தளாய்க் குளத்து நீரில் பாசி நஞ்சும் பூச்சிகொல்லியும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, பெறுபேறு என்ன. கடிதம் கிடைத்ததற்கான கைச்சாத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே நிறுவனத்தில் அதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.